கேட்ட செவியும் காத்த நாவும்



‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு வினவுதல், செவியால் அறிதல் என இரு பொருள் உண்டு. வினவ வழியற்ற காலத்தில் செவியால் மட்டுமே அறிந்து வாழ்ந்த குடும்பம் ஒன்று பிரான்சின் நார்மண்டிக் கரையோரம் இருந்தது.

கான் நகரைக் கடலோடு இணைக்கும் கால்வாயின் பாலத்தருகே, பெனூவீல் என்னும் சிற்றூரில், ழார்ழ் கோந்ரேயும் அவர் மனைவி தெரேசும் தோட்டத்துடன் கூடிய சிறிய அருந்தகம் ஒன்றை நடத்தி வந்தனர். 1940இல் ஜெர்மானியப் படை பிரான்சைக் கைப்பற்றியது. பாலத்தைக் காத்த வீரர்களே அருந்தகத்தின் வாடிக்கையாளர் ஆயினர். பகைவருக்குப் பீர் ஊற்றித் தருவதே பிழைப்பாயிற்று.

தெரேஸ் அல்சாஸ் பகுதியில் பிறந்தவர். ஜெர்மன் மொழி அறிந்தவர். வீரர்கள் அதை அறியார். அவர்கள் மேசையில் தயக்கமின்றிப் பேசியவை தெரேசின் வழியே கணவரை அடைந்தன. உள்ளூர் மகப்பேறு மருத்துவமனைத் தலைவியின் வழியே கான் நகரின் இரகசிய எதிர்ப்பு இயக்கத்தை அடைந்தன. இறுதியில் இங்கிலாந்தையும் எட்டின. வீட்டிலோ சிறு பெண் குழந்தைகள். ஒரு சொல் தவறினால் குடும்பமே அழியும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் பகைவருக்குப் பரிமாறும் கை மட்டுமே தெரியும். கேட்கும் செவி தெரியாது. அந்தப் பழியையும் சுமந்துகொண்டே நான்கு ஆண்டுகள் நாவைக் காத்தனர்.

1944 ஜூன் 6ஆம் நாள், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், மேஜர் ஜான் ஹோவர்டின் படை மூன்று கிளைடர்களில் பாலத்தருகே வந்திறங்கியது. பத்து நிமிடங்களில் பாலம் வசமாயிற்று. நிலவறையில் பதுங்கியிருந்த குடும்பத்துக்குத் தோட்டத்தில் மண் தோண்டும் ஓசை கேட்டது. வந்தவர் யார் என வினவ முடியாது. தெரேஸ் செவி கொடுத்தார். அது ஜெர்மன் பேச்சன்று. பின்னர்க் கதவு திறந்தது. பாரிசில் ஆங்கிலேய வங்கியொன்றில் பணியாற்றிய ழார்ழுக்கு வந்தவர்களின் மொழி தெரியும். 1940இல் தோட்டத்தில் புதைத்து வைத்த ஷாம்பெயின் புட்டிகளைத் தோண்டி எடுத்து வீரர்களுக்கு வழங்கினார். அருந்தகம் காயமுற்றோர்க்கு மருத்துவ நிலையமாயிற்று. பாலத்தைக் கடந்து முதலில் ஓடிய டென் பிரதரிஜ் என்னும் இளம் அதிகாரி அன்றிரவே உயிர் நீத்தார்.

ழார்ழ் 1969இலும் தெரேஸ் 1984இலும் மறைந்தனர். பின்னர் மகள் அருந்தகத்தை நடத்தினார்.

பேசுவதற்கே கூடும் இத்தகைய வட்டங்கள் அந்த அருந்தகத்தை நினைத்துக்கொள்வது நன்று. போர்க்காலத்தில் அங்கே உரத்துப் பேசியவர் பலர். அவர்கள் பேச்சு அன்றே காற்றில் போயிற்று. கேட்டவர் ஒருவர், அவர் கேட்டது ஒரு பாலத்தை மீட்க உதவிற்று. கவிஞர்க்கும் முதற்பணி கேட்பதே. பேச வேண்டிய நாள் பின்னால் வரும்.