நிபுணரைக் காணும் நாள் வரை

நோயைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு வேளைகளையே எடுத்துக்கொள்கின்றனர். நோய் தோன்றிய வேளை ஒன்று. மருந்து கிடைத்த வேளை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடைக்காலம் உண்டு. உடம்பிலே குறி தோன்றிவிட்டது, காரணம் தெரியவில்லை. முதலிற் பார்த்த வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். நிபுணரைக் காணும் நாள் இன்னும் வரவில்லை. அந்நோய் பெண்களுக்கே உரிய நோயாக இருந்துவிட்டால், இந்த இடைக்காலம் மிகவும் தனிமையானது. ஏனெனில் அதைப் பற்றி வீட்டிலும் பேசுவதில்லை, வெளியிலும் பேசுவதில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் காத்திருப்புக்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணமாகும். துறைமுகத்தைச் சுற்றி வடக்கே புல்மோட்டை முதல் தெற்கே வெருகல் வரை ஊர்கள் பரந்து கிடக்கின்றன. மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன; மாவட்டப் பொது வைத்தியசாலை திருகோணமலை நகரில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையில், கிண்ணியாவிலிருந்து நகருக்கு வரும் நோயாளர் மிதப்புப் பாதைக்காகத் துறையிலே காத்துநிற்க வேண்டியிருந்தது. பாலம் வந்தபின் அத்துன்பம் நீங்கிற்று. ஆயினும் நிபுணர்கள் சிலராகவும் நோயாளர் பலராகவும் இருக்கும்வரை வரிசை ஒன்று இருந்தே தீரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு தோன்றியதையும், வைத்தியர் பலர் வெளிநாடு சென்றதையும் நாடறியும்.

இவ்வரிசையை ஒரு பெண் தனியே நின்று குறைக்க முடியாது. ஆனால் அக்காலத்தை எவ்வாறு கழிப்பது என்பது பெரும்பாலும் அவர் கையிலும், அவர் வீட்டார் கையிலும் இருக்கிறது. 

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அவை. நிபுணரைக் காணும் நாள் வரவில்லை என்றால், இந்நான்கனுள் இரண்டுதான் இன்னும் வந்து சேரவில்லை. நோயுற்றவரும் அருகிருப்பவரும் இன்றைக்கே வீட்டில் இருக்கின்றனர். அதாவது, மருத்துவத்தின் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. 

முதலில் நோயுற்றவரின் கடமையைப் பார்க்கலாம். நோயாளியிடம் இருக்க வேண்டிய தன்மைகளை எண்ணும்போது, தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் வல்லமையையும் ஒன்றாகப் பரிமேலழகர் தம் உரையிலே வைக்கின்றார். இந்த வல்லமையைத்தான் கூச்சம் நம் பெண்களிடமிருந்து பறித்துவிடுகின்றது.

கொட்டியாரக் குடாவின் கரையோர ஊர் ஒன்றில் நாற்பத்தெட்டு வயதுத் தாய் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாக அவருக்கு மாதவிடாய் முறைதவறி, அளவுக்கு மீறிப் போகின்றது. வைத்தியரின் முன்னே அமர்ந்ததும், “கொஞ்ச நாளாகச் சுகமில்லை, ஐயா” என்கிறார். எத்தனை நாளாக என்றால், “கன நாளாக” என்கிறார். எவ்வளவு என்றால், தலைகுனிந்து, “கொஞ்சம் கூடத்தான்” என்கிறார். கூட வந்த மகள், “அம்மா, அன்றைக்குச் சந்தையிலே மயங்கி விழுந்ததைச் சொல்லுங்கோ” என்று முழங்கையால் இடித்தாலும் வாய் திறப்பதில்லை. மாதக்கணக்கிற் காத்திருந்து பெற்ற சில நிமிடங்கள் இவ்வாறு கழிந்துவிடுகின்றன.

இதற்கு மாற்று மிக எளிது. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். இரத்தம் போன நாள், நின்ற நாள், அன்றைக்கு எத்தனை துவாய் மாற்ற வேண்டியிருந்தது, கட்டியாகப் போனதா, போனால் எவ்வளவு பெரிது, நோவு எங்கே, எந்த வேளையில், காய்ச்சல் இருந்ததா, என்னென்ன மாத்திரை எடுத்தது என்பவற்றை நாள்தோறும் இரண்டு வரியில் எழுதிவைக்க வேண்டும். தாம்பத்திய உறவின் பின் இரத்தம் கண்டால் அதையும் குறிக்க வேண்டும். சொல்லக் கூசும் அச்செய்தி வைத்தியருக்கு மிக வேண்டியதாகும். நீரிழிவு, தைரொயிட், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு எடுக்கும் மருந்துகளின் பெயரும், தாய்வழியிலும் தந்தைவழியிலும் எவருக்கேனும் மார்பிலோ கருப்பையிலோ சூலகத்திலோ குடலிலோ புற்றுநோய் இருந்ததா என்பதும் முதற் பக்கத்தில் இருத்தல் நன்று.

இக்கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. நோயாளியின் மொழி தமிழாகவும் வைத்தியரின் மொழி சிங்களமாகவும் இருக்கும் இடங்களில், திகதிகளும் எண்களும் இருவருக்கும் பொதுவானவை. பேச்சிலே தடுமாறுவது கொப்பியிலே தெளிவாக நிற்கும். சொற்களைத் தேடியும் அலைய வேண்டியதில்லை. கருப்பை, கருப்பைக் கழுத்து, சூலகம், மாதவிடாய் என்னும் சொற்கள் நாகரிகமான தமிழ்ச் சொற்கள். மாணவியர் பாடநூலிற் படிப்பவை. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூலாக்கினார். அயல்நாட்டார் ஒருவர் தமிழிற் கூசாது எழுதியதை, தமிழ்த் தாய் ஒருவர் தம் உடம்பைக் குறித்துச் சொல்லக் கூசுவது வேண்டாத நாணமாகும்.

அடுத்து, எந்தக் குறிக்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு துவாய் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுவதும் நனைந்துபோனால் அது அவசர நிலை. தலைசுற்றி மயக்கம் வருதல், மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல் ஆகியவை இரத்தப்போக்குடன் சேர்ந்தாலும் அவ்வாறே. அடிவயிற்றில் திடீரெனத் தாங்கமுடியாத நோவு எழுதல், நோவுடன் காய்ச்சலும் துர்நாற்றமுள்ள கசிவும் காணுதல் ஆகியவையும் காத்திருக்கத் தக்கவை அல்ல. கருத்தரித்திருக்கக்கூடிய பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்றில் நோவும், தோள் நுனியில் நோவும், மயக்கமும் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கி அவ்விடம் வெடித்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தானது. இந்நிலைகளில் நியமன நாளைப் பார்க்க வேண்டியதில்லை. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நாட்டின் சில மாகாணங்களில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய சேவை அது. பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 

அவசரம் அல்லாவிடினும் தள்ளிப்போடக் கூடாத குறிகளும் உள. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அது சொல்ல வேண்டிய செய்தி. ஒரு மாதவிடாய்க்கும் மறு மாதவிடாய்க்கும் இடையிற் போகும் இரத்தம், உறவின் பின் காணும் இரத்தம், வாரக்கணக்காக மாறாத வயிற்று வீக்கம், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல் ஆகியவையும் அத்தகையவை. “நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும்” என்று அயலார் சொல்வது ஆறுதலாக இருக்கலாம். அது பரிசோதனை ஆகாது. காத்திருக்கும்போது குறி கடுமையானால், கடிதம் எழுதிய வைத்தியரிடம் மீண்டும் சென்று, மாறிய நிலையைச் சொல்லி, நாளை முன்தள்ள முடியுமா எனக் கேட்பது நோயாளியின் உரிமை. அது எவரையும் தொந்தரவு செய்வதாகாது.

அச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவிலே வீடு உறங்கியபின், “புற்றுநோயாக இருக்குமோ” என்னும் எண்ணம் விழித்துக்கொள்கின்றது. இதற்கு உண்மையே நல்ல மருந்து. மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணும் பெண்கள் நூறு பேரைப் பரிசோதித்தால், ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கருப்பையின் உட்சுவரிற் புற்றுநோய் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டனர். எஞ்சிய தொண்ணூற்றுக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் இல்லை. உட்சுவர் மெலிதல், சிறு தசை வளர்ச்சி போன்ற வேறு காரணங்களே. அதே ஆய்வுகள் மறுபக்கத்தையும் காட்டின. மாதவிடாய் நின்றபின் அப்புற்றுநோய் கண்ட பெண்கள் நூற்றுவருள் ஏறத்தாழத் தொண்ணூறு பேருக்கு இரத்தம் முன்னதாகவே தோன்றி எச்சரித்தது. முதற் கணக்கு அஞ்சி நடுங்க வேண்டாம் என்கிறது; இரண்டாவது கணக்கு அசட்டையாக இருக்க வேண்டாம் என்கிறது. இளவயதினருக்குப் பெரும்போக்கு உண்டாகுமாயின், கருப்பை நார்க்கட்டி, தைரொயிட் கோளாறு, சூலகத்தின் முறைகேடு, இரத்தம் உறைவதிலுள்ள குறை எனக் காரணங்கள் பலவாகும்; அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

இனி உணவும் மருந்தும். பல மாதம் இரத்தம் இழந்த உடம்பிலே இரும்புச் சத்துக் குன்றும். களைப்பு, வெளிறல், படி ஏறினால் இளைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். நிபுணரைக் காணுமுன்னரே, அண்மையிலுள்ள வைத்தியசாலையில் இரத்தச் செறிவைப் பரிசோதித்து, வைத்தியர் சொன்னால் இரும்புச் சத்து மாத்திரை தொடங்கலாம். கடற்கரை மாவட்டத்தாருக்கு மீன் அரிதன்று. ஈரல், பயறு, கடலை, கீரை ஆகியவையும் உதவும். உணவோடு தேசிக்காய்ப் புளியோ தோடம்பழமோ சேர்த்தால் தாவர உணவிலுள்ள இரும்பு நன்கு உட்செல்லும். சோறு உண்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கம் அவ்விரும்பைத் தடுத்துவிடுகிறது. தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்தல் வேண்டும். நோவுக்கு வெந்நீர்ப் போத்தல் ஒத்தடம் ஆறுதல் தரும். அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். அதை ஏற்கெனவே வைத்தியர் இருதயத்துக்காகக் கொடுத்திருந்தால் தாமாக நிறுத்தாமல் அவரைக் கேட்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கும், நோன்புக்கும், யாத்திரைக்குமாக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் அதைத் தாமாக விழுங்கலாகாது. நோய் நீங்காமல் குறி மட்டும் மறைந்துபோகும். நிபுணருக்கு வழிகாட்ட வேண்டிய அடையாளமும் அழிந்துவிடும். கிருமிநாசினி கலந்த நீரால் உட்புறத்தைக் கழுவுவதும், கைமருந்து வைப்பதும் புண்ணையும் தொற்றையும் பெருக்கும்.

அருகிருப்பவரின் கடமை பெரிது. பரிமேலழகர் அவருக்கும் நான்கு தன்மைகள் கூறி, அன்பை முதலில் வைத்தார். கணவன்மார் பலர் இதைப் பெண்கள் காரியம் என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். மாமியோ மகளோ துணைக்குப் போவது நல்லதே. ஆனால் அன்றைய நாளுக்குரிய பஸ் காசும், வயலிலோ மீன்வாடியிலோ உள்ள வேலைக்கு மாற்றாளும், அடுப்படிப் பொறுப்பும் கணவர் முன்வந்து ஏற்றாலன்றி அந்தத் தாய் புறப்பட மாட்டார். வடகீழ்ப் பருவ மழையில் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும் காலத்திலே நாள் தவறினால் மறு நாளுக்கு மீண்டும் காத்திருக்க நேரிடும். ஆதலால் முதல் நாளே நகரிலுள்ள உறவினர் வீட்டில் தங்குவது புத்தி. துணைக்குச் செல்பவர் நோயாளிக்காகப் பேசிவிடாமல், அவர் பேசுவதற்குத் துணைநிற்க வேண்டும். பெண் வைத்தியரையோ, பரிசோதனை வேளையில் தாதி ஒருவர் உடனிருப்பதையோ வேண்டிக் கேட்பதிலும் குற்றமில்லை.

குறி எதுவும் இல்லாத பெண்களுக்கும் ஒரு சொல். பலரும் வெல் வுமன் கிளினிக் என்றே வழங்கும் மகளிர் நலச் சிகிச்சை நிலையங்கள் இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயதை அடைந்த பெண்களையும், பின்னர் நாற்பத்தைந்து வயதினரையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அவை அழைத்துள்ளன. ஊர் மருத்துவமாதுவைக் கேட்டால் இடமும் நாளும் தெரியும். கிரேக்க நாட்டிற் பிறந்த பாப்பனிகொலாவ் என்னும் அறிஞர் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தது பப் பரிசோதனை; அதற்காக அவர் மனைவியார் பல்லாண்டுகள் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான வைரசைக் கண்ட ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாந்தர மாணவியருக்கு இடப்பட்டு வருகிறது. சம்மதக் கடிதத்திலே கையொப்பமிடப் பெற்றோர் தயங்கலாகாது. ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது: பப் பரிசோதனை கருப்பையின் கழுத்தையே பார்ப்பது. அதன் முடிவு நன்றாக வந்திருந்தாலும், இரத்தம் கண்ட பெண் நிபுணரைக் காணாமல் இருந்துவிட முடியாது.

நியமன நாள் ஒரு நாள் வந்தே தீரும். அதற்கு முந்திய இரவிலே கொப்பி, கடிதம், பழைய பரிசோதனைத் துண்டுகள், எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு பையில் எடுத்துவைத்து, கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு இருப்பது என்ன, அதை உறுதிசெய்ய இன்னும் என்ன பரிசோதனை வேண்டும், அடுத்து நான் எப்போது வர வேண்டும் என்பவையே அம்மூன்றும். விடைகளையும் அவ்விடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நன்று. வீடு திரும்பியதும், துணைக்கு வந்தவர் வாசிக்க வீட்டார் கேட்கட்டும். அதன்பின் அந்நோய் ஒருவர் தனித்துச் சுமப்பதாக இராது.