ஆற்றின் மேல் ஒரு மாளிகை

(நூற்றாண்டு விழாப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, நீரிழிவைப் பற்றித்தான் பேசச் சொல்வார் என்று நினைத்தேன். "அதைக் கேட்டுக் கேட்டு எல்லாரும் அலுத்துப்போய் இருக்கினம். நீர் போன வருஷம் பிரான்சுக்குப் போய் வந்தனீர்தானே, அதைச் சொல்லும்" என்றார். ஆகவே இன்று உங்களைப் பிரான்சின் நாட்டுப்புறத்துக்குக் கூட்டிச் செல்கிறேன்.

பரிஸ் நகரத்துக்குத் தென்மேற்கே லுவார் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் கரைகளிலும் அதில் வந்து சேரும் கிளையாறுகளின் கரைகளிலும் பழைய மாளிகைகள் நிறைய உண்டு. பிரெஞ்சு மொழியில் இவற்றை 'ஷத்தோ' என்பார்கள். போருக்குக் கட்டிய கோட்டைக்கும் அதே சொல், அரசர் ஓய்வெடுக்கக் கட்டிய மாளிகைக்கும் அதே சொல். பரிசில் இருந்து விரைவுப் புகையிரதத்தில் ஒரு மணித்தியாலம் அளவில் தூர் நகரை அடையலாம். அங்கே தங்கிக்கொண்டு மூன்று மாளிகைகளைப் பார்த்தேன்.

முதலில் ஷாம்போர். முதலாம் பிரான்சுவா மன்னர் 1519 இல் தொடங்கிய மாளிகை. நானூறுக்கு மேற்பட்ட அறைகள். நடுவில் புகழ்பெற்ற இரட்டைச் சுருள் படிக்கட்டு. ஒருவர் ஏறலாம், மற்றவர் இறங்கலாம். இடையிலுள்ள திறப்புகளால் ஒருவரையொருவர் பார்க்கலாம், ஆனால் வழியில் சந்திக்க மாட்டார்கள். 32 ஆண்டுகள் அரசாண்ட அந்த மன்னர் அங்கே மொத்தம் சுமார் 72 நாட்கள்தான் தங்கினார் என்று சொல்கிறார்கள். அரசர் வரும்போது தளபாடங்களும் கூடவே வரும், போகும்போது அவையும் போய்விடும். அந்தப் பெரிய வெறுமையான கூடங்களில் நடந்தபோது, இவ்வளவும் யாருக்காக என்ற கேள்விதான் எனக்கு வந்தது. ஆனால் 1939 இல், யுத்தம் வரப்போகிறது என்று அறிந்து, லூவர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைப் பாதுகாப்பாகக் கொண்டு வந்து வைத்த இடம் இதுதான். மோனாலிசாவும் இங்கே வந்து போனாள்.

இரண்டாவது அம்புவாஸ். முதலாம் பிரான்சுவாவின் அழைப்பில் வந்து, கடைசி மூன்று ஆண்டுகளை இந்த ஊரில் கழித்த லியொனார்டோ டாவின்சியின் கல்லறை இங்கேயுள்ள சிறிய ஆலயத்தில் இருக்கிறது. பிரேதங்களை அறுத்துப் பார்த்து எலும்பையும் தசையையும் வரைந்த மனிதர். எங்கள் தொழிலுக்கு அவர் பெரியப்பா முறை என்பதால் கொஞ்ச நேரம் நின்று வணங்கிவிட்டு வந்தேன்.

மூன்றாவதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். அதன் பெயர் ஷெனோன்சோ. தூரில் இருந்து சிறிய புகையிரதத்தில் அரை மணித்தியாலம்; நிலையத்தில் இறங்கினால் வாசல் நடக்கும் தூரம். மரங்கள் இருபுறமும் நிற்கும் நீண்ட பாதையின் முடிவில், ஷேர் என்ற ஆற்றின் மேலேயே கட்டிய மாளிகை. கீழே வளைவுகள், அவற்றினூடாக ஆறு, மேலே மண்டபம். பெண்களின் மாளிகை என்று அதற்கு ஒரு பெயர் உண்டு.

தோமா போயே என்ற அரச நிதி அதிகாரி 1513 இல் இந்த இடத்தை வாங்கினார். அங்கே நின்ற பழைய கோட்டையையும் மாவரைக்கும் ஆலையையும் இடித்தார்கள். ஒரு கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கணவர் இத்தாலிய யுத்தங்களின் அலுவலாக வெளியில் இருக்க, வேலையை நின்று கவனித்தவர் மனைவி கத்தரீன் பிரிசொனே. அந்தக் காலத்தில் பிரான்சில் படிக்கட்டு என்றால் பெரும்பாலும் சுருள் படிக்கட்டுத்தான். நேர்ப்படிக்கட்டு வைத்த முதல் மாளிகைகளில் இதுவும் ஒன்று. தினமும் ஏறி இறங்குபவரின் கால்வலி, கட்டுவித்த அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

பிறகு மாளிகை அரசுக்குப் போயிற்று. 1547 இல் இரண்டாம் ஹென்றி மன்னர் அதைத் தமது காதலி டியான் த புவாத்தியேக்குக் கொடுத்தார். மாளிகையில் இருந்து மறுகரைக்குப் பாலம் போட்டவர் அவர். அந்த மன்னரின் முடிவை வைத்தியராகிய நான் சொல்லாமல் விட முடியாது. 1559 ஜூன் 30 ஆந் திகதி குதிரையில் ஏறி ஈட்டி விளையாடும்போது எதிராளியின் ஈட்டி முறிந்து, சிராய் அவருடைய கண்ணுக்கு மேலே பாய்ந்தது. சத்திரசிகிச்சையில் பேர்பெற்ற அம்புருவாஸ் பாரேயும், உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் வெசேலியசும் வந்து பார்த்தார்கள். ஐரோப்பாவின் மிகச் சிறந்த இரண்டு வைத்தியர்கள் பக்கத்தில் நின்றும் பத்தாவது நாள் மன்னர் இறந்தார். கிருமி என்றால் என்னவென்று அன்று எவருக்கும் தெரியாது.

விதவையான அரசி கத்தரீன் த மெடிசி, டியானிடம் இருந்து ஷெனோன்சோவை வாங்கிக்கொண்டு வேறொரு மாளிகையைக் கொடுத்தார். டியான் போட்ட பாலத்தின் மேல் 60 மீற்றர் நீளமான மண்டபம் ஒன்றைக் கட்டினார். பதினெட்டு யன்னல்கள், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாகக் கல் பதித்த தரை. விருந்துக்கும் நடனத்துக்கும் கட்டிய மண்டபம் அது. ஒருவரையொருவர் விரும்பாத இரண்டு பெண்கள்; ஒருத்தி போட்ட பாலத்தின் மேல்தான் மற்றவள் மண்டபம் கட்டினாள். எங்கள் சங்கத்திலும் இப்படி நடந்ததுண்டு என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

கத்தரீனின் மருமகள் லூயீஸ் அரசி, கணவர் 1589 இல் கொலையுண்ட செய்தியை இங்கே இருந்தபோதுதான் அறிந்தார். அரச வழக்கப்படி வெள்ளை உடுத்தித் துக்கம் காத்தார். கறுப்பாக அலங்கரித்த அவருடைய அறையை இன்றும் காட்டுகிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மதாம் டூபான் வந்தார். ரூசோ இவரிடம் செயலாளராக வேலை பார்த்தவர். பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்று இவர் எழுதிய பெரிய நூலுக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்தவர் அதே ரூசோதான். புரட்சி வந்தபோது பிரபுக்களின் மாளிகைகள் பல சூறையாடப்பட்டன. ஷெனோன்சோவை மதாம் டூபான் எப்படிக் காப்பாற்றினார்? அழகைப் பற்றியோ பழைமையைப் பற்றியோ அவர் வாதாடவில்லை. 'இது ஒரு பாலம். இந்தப் பகுதியில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் கிடையாது' என்பதுதான் அவர் சொன்ன நியாயம் என்கிறார்கள். மாளிகை தப்பியது. அவரும் 93 வயது வரை அங்கேயே வாழ்ந்தார்.

அடுத்த நூற்றாண்டில் மதாம் பெலூஸ் என்பவர் பெருஞ்செலவில் இதைத் திருத்தினார். செலவு எல்லை மீறிப்போக, மாளிகையையே இழந்தார். பொருளாளர் அக்கா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1913 இல் சொக்கிலேற் உற்பத்தியில் பேர்பெற்ற மெனியே குடும்பம் இதை வாங்கியது. அடுத்த வருஷமே முதலாம் உலக யுத்தம். அந்த நடன மண்டபத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டு, குடும்பச் செலவில் இராணுவ வைத்தியசாலை நடத்தினார்கள். குடும்பத்தைச் சேர்ந்த சிமோன் மெனியே தலைமைத் தாதியாகப் பொறுப்பெடுத்தார். ஆற்றுக்கு நடுவே பாலத் தூணுக்குள் இருக்கும் பழைய சமையலறை காயக்காரர்களுக்குச் சமைத்தது. யுத்தம் முடியும்வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே சிகிச்சை பெற்றார்கள். எழும்ப முடியாதவர்கள் யன்னலால் தூண்டில் போட்டு மீன் பிடித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இரண்டாம் யுத்தத்தில் ஆறே எல்லைக்கோடு ஆயிற்று. முன்வாசல் ஜேர்மனியர் பிடித்த பகுதியில். மண்டபத்தின் மறுகோடிக் கதவு பிடிபடாத பகுதியில். அந்தக் கதவால் பலர் தப்பிப் போனார்கள்.

நான் அந்த மண்டபத்தில் நின்றேன். யன்னல்களை எண்ணினேன். ஒவ்வொரு யன்னலுக்கும் எத்தனை கட்டில் போடலாம், காற்றோட்டம் போதுமா, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மனம் கணக்குப் போட்டது. அப்போதுதான் இந்தக் கணக்கை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலம் தாண்டி மழையில் நனைந்து வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் பிரதான மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு யன்னலுக்கு இரண்டு குடும்பம் என்று தையல் ரீச்சர்தான் பிரித்துக் கொடுத்தா. சீலைகளைக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டினோம். மேடையில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் படுக்க வைத்தோம். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்க என்னை விட்டார்கள். அளவு தப்பாமல் தண்ணீர் அளக்க அன்று பழகினேன். நான் வைத்தியரானதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு என் பெறுபேற்றைச் சொல்வேன். உண்மையான காரணம் அந்த மண்டபம்.

2000 ஆம் ஆண்டுச் சண்டையில் அதன் ஓடுகள் போயின, சுவர் நின்றது. இன்று அதை இடித்துப் புது மாடிக் கட்டடம் கட்டுவதா, திருத்துவதா என்று சங்கத்தில் இரண்டு கருத்து இருக்கிறது. சுவர் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும். பழையதைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஷெனோன்சோவில் வந்த ஒவ்வொருத்தியும் அதை மாற்றித்தான் இருக்கிறாள். ஆனால் அழகாகத் திருத்திப் பூட்டி வைத்து, வருஷத்தில் ஒரு பரிசளிப்பு விழாவுக்குத் திறப்பதானால் அது எங்கள் ஷாம்போர் ஆகிவிடும். மதாம் டூபான் கேட்டிருக்கக்கூடிய கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன்: எங்கள் மண்டபம் யாருக்குப் பாலம்?

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வகுப்பில் நான்கு பேர் வைத்தியர்கள், இரண்டு பேர் தாதிகள். மண்டபத்தைத் திருத்துவதானால், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அங்கே ஊராருக்கு இலவச மருத்துவப் பரிசோதனை நடத்த நாங்கள் ஆறு பேரும் முறை வைத்து வருவோம். மற்ற ஞாயிறுகளுக்கு மற்ற வகுப்புகள் சொல்லட்டும்.

முதல் ஞாயிறு நீரிழிவைப் பற்றிப் பேசுவேன். செயலாளர் அக்கா கட்டாயம் வர வேண்டும்.