காயலாங்கடை மெஷினுக்கு மறுவாழ்வு

நவரை நடவுக்குச் சேடை ஓட்டுகிற சமயம். டிராக்டரின் கேஜ் வீலில் ஒரு பட்டை உடைந்துபோகிறது. புதுப் பட்டையில் இரண்டு துளை போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. அந்த இரண்டு துளைக்காக ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் பட்டறைக்குப் போய்க் காத்திருந்தால் அரை நாள் போச்சு. அதுவரை வயலில் தண்ணீரும் ஆளும் சும்மா கிடக்கவேண்டியதுதான். தறி வீட்டில் ஒரு இரும்புப் பட்டை முறிந்தாலும் இதே கதைதான்.

நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரில்லிங் மெஷின் வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை. புதிதுதான் வாங்க வேண்டுமென்று இல்லை. கிண்டி, அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பட்டறைகள் கழித்துவிடும் பழைய மெஷின்கள் காயலாங்கடைக்கு வருவதுண்டு. அரை அங்குலத் துளை வரை போடும் மேசை மெஷின் நமக்குப் போதும்.

எதைப் பார்த்து வாங்குவது?

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் அல்லவா? இதற்கும் அப்படித்தான். துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க. புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க. துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். பெயிண்டோ விரிசலையே மறைத்துவிடும்.

முதலில் கைப்பிடியைத் திருப்பிச் சக்கைப் பாதி கீழே இறக்குங்க. சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. உள்ளே சுழலும் தண்டு மட்டும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கும், மாற்றிவிடலாம். தண்டைத் தாங்கி ஏறி இறங்கும் குழலே வார்ப்புக்குள் ஆடினால் வார்ப்புத் துளை தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு மெஷினே பார்த்துவிடலாம்.

அடுத்து, அடிப்பலகை, மேசை, தலைப்பகுதி மூன்றிலும் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் வேண்டாம். மேசையில் தவறிப் போட்ட துளைகள் நாலைந்து இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்க. வேலைக்குக் கெடுதல் இல்லை. மோட்டார் மூணு பேஸா என்றும் கேளுங்க. வீட்டு லைன் ஒரு பேஸாக இருந்தால் அரைக் குதிரைசக்தி ஒரு பேஸ் மோட்டார் வாங்கும் செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பிரித்துச் சீர்செய்தல்

ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் செல்போனில் படம் எடுத்து வைங்க, மாட்டும்போது வழிகாட்டும். இறுகிய திருகில் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஒரு இரவு ஊறவிடுங்க. புல்லியைச் சுத்தியால் அடித்து எடுக்காதீங்க, வார்ப்பு உடைந்துவிடும். புல்லர் வைத்து இழுக்கவேண்டும்.

பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே எண்ணில் வாங்குங்க. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்க. வெளிவளையத்தில் தட்டினால் புதுப் பேரிங்கும் வீணாகும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு எமரித் தாளால் தேய்ங்க. முகத்தில் நல்ல மாஸ்க் இருக்கட்டும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். தூணுக்கும் மேசையின் மேற்பரப்புக்கும் பெயிண்ட் கூடாது, எண்ணெய் தடவினால் போதும்.

மாட்டி முடித்ததும் ஒரு கம்பியை வளைத்துச் சக்கில் பிடித்து, அதன் நுனி மேசையைத் தொடும்படி வைத்துக் கையால் சுற்றுங்க. நுனி சுற்றிலும் ஒரே மாதிரி தொட்டால் மேசை மட்டம். ஒரு பக்கம் தூக்கினால் துளை சாய்வாகத்தான் விழும். மேசையைச் சரிசெய்த பிறகு இறுக்குங்க.

வேகம்

பெரிய துளைக்குக் குறைந்த வேகம். சின்னத் துளைக்குக் கூடுதல் வேகம். சாதா இரும்பில் 10 மில்லிமீட்டர் துளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று, 6 மில்லிமீட்டருக்குச் சுமார் 1,300 சுற்று. மோட்டார் 1,440 சுற்று ஓடினால், மோட்டாரில் 2 அங்குலப் புல்லியும் தண்டில் 4 அங்குலப் புல்லியும் இருக்கும்போது 720 சுற்று கிடைக்கும். வேகம் மிஞ்சினால் பிட் நீலம் பாய்ந்து முனை மழுங்கிவிடும்.

விரல் முக்கியம்

பம்புசெட்டுக்குத் தந்த இலவச மின் இணைப்பிலிருந்து இதற்கு வயர் இழுக்கக் கூடாது. வீட்டு மீட்டரிலிருந்து எர்த்துடன் மூணு பின் இணைப்புக் கொடுங்க. பெல்ட்டுக்கு மூடி இல்லையென்றால் தகரத்திலாவது ஒன்று செய்து போடுங்க.

தோளில் துண்டு, கையில் வளையல், தொங்கும் முந்தானை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது. கையுறையும் கூடாது, பிட் அதைக் கையோடு சுற்றி இழுத்துவிடும். பட்டையைக் கையால் பிடிக்காதீங்க, வைஸில் இறுக்குங்க. பிட் மறுபக்கம் வெளிவரும்போதுதான் பட்டையைக் கவ்விச் சுழற்றும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைங்க. சக்கு சாவியை எடுத்த பிறகே சுவிட்சைப் போடுங்க.

இந்தச் சோதனைகளை எல்லாம் கடை வாசலிலேயே செய்து பார்த்து, பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்க. அப்படி வாங்கிய மெஷின் உங்களுக்கும் உழைக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் உழைக்கும்.