பூனை பார்க்கும் சொல்லட்டை
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குப் பூனைதானா கிடைத்தது என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவர்களும், அம்மம்மா அப்பம்மா ஆனவர்களுமாகக் கூடி இந்த உரையைத் தயாரித்தபோது நாங்களும் சிரித்தோம். சின்னப் பிள்ளைக்கு வாசிக்கப் பழக்கும் அட்டைகளை வீட்டுப் பூனை எப்படிப் பார்க்கும் என்பதே எங்கள் தலைப்பு. ஒரு பக்கம் படமும் மறுபக்கம் சொல்லும் உள்ள அந்த அட்டையைப் பாடசாலையில் மின்னட்டை என்போம்; வீடுகளில் பிளாஷ் காட் என்கிறார்கள். நாங்கள் இங்கே சொல்லட்டை என்றே சொல்கிறோம்.

மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இப்போது ஒரு பெட்டி சொல்லட்டை இல்லாமல் இருப்பது அரிது. சிலர் கடையில் வாங்குவார்கள். சிலர் இரவிரவாக இருந்து பிறிஸ்டல் போர்ட்டில் வெட்டி ஒட்டுவார்கள். இதற்கு ஒரு வரலாறும் உண்டு. குழந்தைக்கே வாசிக்கப் பழக்கலாம் என்று 1964இல் அமெரிக்கரான கிளென் டோமன் ஒரு நூல் எழுதினார். பெரிய சிவப்பு எழுத்தில் சொற்களை அட்டையில் எழுதி, ஒவ்வொன்றாக விரைவாகக் காட்டச் சொன்னார். உலகெங்கும் தாய்மார் அதைப் பின்பற்றினார்கள். எங்கள் ஊரில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் முன்பள்ளி வாசலிலேயே தொடங்கிவிடுவதால், பெட்டிக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

சரி, இனிப் பூனையிடம் வருவோம்.

அம்மா பாயில் இருக்கிறா. முன்னால் பிள்ளை. பக்கத்தில் பூனை. அம்மா சிவப்பு எழுத்து அட்டை ஒன்றைத் தூக்குகிறா. பூனைக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் ஓரளவு பிரிந்து தெரியும். ஆகவே அந்த எடுப்பான சிவப்பு அதற்கு மங்கல். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால், ஏறக்குறைய 25 சென்ரிமீற்றருக்கு உள்ளே இருப்பது அதற்குத் தெளிவில்லை. மீசையால்தான் தடவிப் பார்க்க வேண்டும். தடவினால் மட்டையும் பசையும். 'பூனை' என்று எழுதிய அந்த அட்டையில் பூனையின் மணமும் இல்லை, சூடும் இல்லை.

ஆனால் பூனை வேறு இரண்டைக் கவனிக்கிறது. ஒன்று அசைகிற கை. மற்றது அம்மாவின் குரல். பூனைகள் தம்மை வளர்ப்பவரின் குரலைப் பிறர் குரலிலிருந்து பிரித்தறியும். தம் பெயரையும் அறியும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முதல் ஐந்து அட்டை வரை அம்மாவின் குரல் கொஞ்சுகிறது. பத்தாவது அட்டையில் "இது என்ன? நேற்றுச் சொன்னனீதானே?" என்று குரல் இறுகுகிறது. பதினைந்தாவது அட்டைக்கு முன்னரே பூனை எழும்பிக் குசினிக்குப் போய்விடும்.

பிள்ளையால் எழும்பிப் போக முடியாது. நாங்கள் பூனையை இந்தச் சபைக்குக் கூட்டி வந்ததற்கு முதற் காரணம் அதுதான். குரல் இறுகியதைப் பிள்ளையும் உணர்கிறது. அட்டையைப் பார்ப்பதை விட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. சரியோ பிழையோ என்று அந்த முகத்தில் தேடுகிறது. தரம் 1இல் சேரும் நாளிலேயே, சொல் எழுதிய தாளைக் கண்டதும் குனிந்துகொள்ளும் பிள்ளைகளை எங்களில் பலர் வகுப்பில் கண்டிருக்கிறோம். "கெட்டிக்காரப் பிள்ளை, வீட்டில் நூறு அட்டை சொல்லும்" என்று தாய் சொல்லுவா. புதுச் சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளை வாய் திறவாது.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. 2024இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பூனைகளுக்குத் திரையில் அசையும் படங்களைக் காட்டி, ஒவ்வொரு படத்தோடும் ஒரு பொருளற்ற சொல்லை வளர்ப்பவரின் குரலிலேயே ஒலிக்க விட்டார்கள். பிறகு படத்தையும் சொல்லையும் மாற்றிப் போட்டபோது பூனைகள் திரையைக் கூடுதலான நேரம் உற்றுப் பார்த்தன. அதாவது, எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்று அவை சில நொடிகளிலேயே பழகிவிட்டிருந்தன.

சகோதரிகளே, படத்தையும் ஒலியையும் இணைப்பது பூனைக்கும் முடியும். ஆகவே அதை வாசிப்பு என்று சொல்ல முடியாது. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது. 9 முதல் 18 மாதம் வரையான 117 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஏழு மாதங்கள் காணொளி, சொல்லட்டை, புத்தகம் கொண்ட வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்புத் திறனில் அவர்களுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பெற்றோர் மட்டும் தம் குழந்தை வாசிக்கப் பழகிவிட்டது என்று உறுதியாக நம்பினார்கள்.

அப்படியென்றால் அட்டைகளைக் குப்பையில் போடுவதா? வேண்டாம். கத்தரிக்கோலை எடுங்கள்.

தமிழ் எழுத்து இந்த விடயத்தில் எமக்குப் பெரிய துணை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று அரிவரியில் ஒப்புவித்தோம். 247 என்றதும் மலைப்பு வரும். ஆனால் முப்பது எழுத்தும் அவற்றைச் சேர்க்கும் முறையும் பிடிபட்டால், கு, சு, மு போலத் தனித்தனி வடிவம் எடுப்பவற்றைப் பழகுவதுதான் மிச்சம். 'பூனை' அட்டையை நடுவில் வெட்டினால் பூ, னை என்று இரண்டு துண்டு. அவற்றோடு பா, யா, மா, சே, லை என்று இன்னும் ஐந்து துண்டுகளைச் சேருங்கள். பூனை, பானை, யானை, மாலை, சேலை வரும். இவற்றைப் பழகிய பிள்ளையிடம் பாவையும் லையையும் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு "பா...லை. பாலை! பாலைப்பழம்!" என்று கத்தும். யாரும் அட்டையில் காட்டாத சொல் அது. பூனை வராத இடம் அது. வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

எங்களில் மூத்தவர்களுக்கு ஒரு நினைவு வரும். நாங்கள் படித்த காலத்து 'னை' இன்றைய 'னை' அல்ல. யானைத் துதிக்கை போல முன்னால் சுருண்ட கொம்போடு எழுதினோம். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்னர் அந்த வடிவம் மெல்ல மெல்ல அச்சிலிருந்து போனது. ஆனாலும் புதிய வடிவத்தை வாசிக்க நாங்கள் திரும்ப வகுப்புக்குப் போகவில்லை. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து அறிந்திருந்ததால் கண் தானாகவே பழகிக்கொண்டது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வரவேண்டும் என்று இங்கிருந்து அட்டைப் பெட்டிகள் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். பிள்ளை நாற்பது படத்துக்கும் பெயர் சொல்லும். அம்மம்மா பிறந்தநாள் வாழ்த்தில் கைப்பட எழுதிய இரண்டு வரியை அதனால் வாசிக்க முடியாது. தாய் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த இரண்டு வரி பிள்ளைக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒரு நேரத்தில் ஐந்து அட்டைக்கு மேல் வேண்டாம். பானை என்று காட்டினால் குசினிக்குப் போய்ப் பானையைத் தட்டிப் பார்த்துக் கதையுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் தங்கள் பானையைத் தட்டிக் காட்டலாம். சொல் பிடிபட்டதும் அட்டையை வெட்டுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இடையிடையே அதையும் பாருங்கள். அது எழும்பிப் போகத் தொடங்கினால் அன்றைய பாடம் முடிந்தது என்று பெட்டியை மூடிவிடுங்கள்.