வளைத்த இரும்பு நிமிருமா?



ரப்பர் மரத்தில் மங்கைத் தாங்கி நிற்கும் கம்பியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அதை ஒருமுறை வளைத்துவிட்டால் வளைந்ததுதான். அடுப்பில் காட்டினாலும் நிமிராது. ஆனால், சூடு பட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கும் இரும்புக் கலவையும் உண்டு. ஜப்பானில் சாட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் மாங்கனீசும் சிலிக்கானும் சேர்ந்த இரும்பில் இக்குணத்தைக் கண்டு 1982இல் வெளியிட்டார்கள்.

இரும்பின் அணுக்கள், ரப்பர் சீட்டுகளை அடுக்கியதுபோல் அடுக்கடுக்காக இருக்கின்றன. சாதாரணக் கம்பியை வளைக்கும்போது அடுக்குகள் வழுக்கி இடம் மாறிவிடுகின்றன. திரும்பி வர வழியில்லை. இந்தக் கலவையிலோ அவை ஒழுங்காகச் சிறிதளவு நகர்ந்து வேறொரு வரிசையில் நிற்கின்றன. சூடு பட்டதும் வந்த வழியே திரும்புகின்றன.

எல்லாம் அளவில் இருக்கிறது. பாலில் ஆசிட் குறைந்தால் உறையாது. கூடினால் கட்டி இறுகி மெஷினில் அழுத்துவது கஷ்டம். நமக்குத் தெரிந்த கணக்குத்தானே! இங்கே மாங்கனீஸ் நூற்றுக்கு 30 பங்கு அளவில் சேர்ந்தது. மிகவும் குறைந்தால் அணுக்கள் திரும்ப முடியாத அமைப்புக்குப் போய்விடும். மிகவும் கூடினால் நகரவே மறுக்கும். சிலிக்கான் 5, 6 பங்கு. அடுக்குகள் கண்டபடி வழுக்காமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அதற்கு மேல் போனால் உலோகம் நொறுங்கும். துருவைத் தடுக்கக் குரோமியம். அது அதிகமானாலும் நொறுங்கும் குணம் வருவதால், கூடவே கொஞ்சம் நிக்கல்.

நிக்கலும் டைட்டேனியமும் சேர்ந்த கலவை 8 விழுக்காடு நீட்டினாலும் திரும்பும். இரும்புக் கலவை 3, 4 விழுக்காடு திரும்பினாலே பெரிது. ஆனால் விலை மலிவு. கட்டட வேலைக்கு டன் கணக்கில் வேண்டும்போது விலையைப் பார்க்காமல் முடியுமா?

சீபீல்டு தோட்டமாக இருந்த இடத்தில்தான் இன்று சுபாங் ஜெயா நகரம் நிற்கிறது. அங்கே 2016 முதல் எல்.ஆர்.டி. ரயில் உயரமான காங்கிரீட் பாலத்தின்மேல் ஓடுகிறது. காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால் பெரிய பால உத்தரங்களைக் கட்டும்போதே எஃகுக் கம்பிகளை உள்ளே இழுத்து இறுக்கிவிடுவார்கள். எங்கேயாவது ஒரு பழைய பாலம் வலுவிழந்தால், பின்னால் அப்படிக் கம்பி கோத்து இழுப்பது எளிதன்று. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வுக்கூடத்தார் இதற்காகவே ஒரு கலவை செய்தார்கள். மாங்கனீஸ் 17, சிலிக்கான் 5, குரோமியம் 10, நிக்கல் 4, வனேடியமும் கார்பனும் சேர்ந்து 1, மற்றதெல்லாம் இரும்பு. முன்பே நீட்டி வைத்த பட்டையை உத்தரத்தின் அடியில் இரு முனையிலும் பொருத்தி, 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். பட்டை சுருங்கப் பார்க்கும், முனைகள் விடமாட்டா. அந்த இழுப்பு காங்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும். வனேடியமும் கார்பனும் சேர்ந்த நுண்ணிய துகள்கள்தாம் அந்த இழுப்புக்கு வலுவூட்டுகின்றன.

ஜப்பானின் நகோயா நகரில் 2015இல் கட்டி முடித்த ஜே.பி. டவரில் வேறொரு கணக்கு. மாங்கனீஸ் 15, குரோமியம் 10, நிக்கல் 8, சிலிக்கான் 4. இதைச் சூடாக்குவதில்லை. நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடும்போது, அந்த ஆட்டத்தைத் தான் வாங்கிக்கொள்வதே இதன் வேலை. மங்குக் கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் சீக்கிரம் ஒடிந்துபோகும் அல்லவா? இக்கலவை, அதே வேலைக்கு முன்பு பயன்பட்ட எஃகைவிடச் சுமார் பத்து மடங்கு தடவை ஒடியாமல் தாங்குகிறது.