வேப்பிலையும் தகரமும்



நம்ம ஊரில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவோம். ஆத்தா வந்திருக்கா என்போம். விலகித்தான் நிற்போம், ஆனா கேவலமா ஒரு வார்த்தை வராது. மூணு தண்ணி ஊத்தினதும் பழையபடி போக வர இருப்போம்.

கொரோனா வந்தப்ப வாசல்ல தகரம் அடிச்சாங்க. குணமான பிறகும் குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் இறந்த டாக்டரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். அப்புறம்தான் அரசு அவசரச் சட்டம் போட்டது. நோயைவிடத் தகரத்துக்குப் பயந்தே பல பேர் காய்ச்சலை மறைச்சாங்க.

எங்கள் குழுவில் குணமான ஒருத்தி, கூட்டத்துக்கு வரக் கூசி, சேமிப்புப் பணத்தை மகனிடம் கொடுத்தனுப்பினாள். ஊக்குநர் அக்கா அடுத்த கூட்டத்தை அவள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்தார். அவ போட்ட டீயை எல்லாரும் குடிச்சோம்.