இரவல் வேட்பாளர்கள்



முதல் நாள் இரவு மகிந்த ராஜபக்சவோடு ஒரே மேசையில் அப்பம் சாப்பிட்டார் மைத்திரிபால சிறிசேன. மறுநாள், 2014 நவம்பர் 21ஆம் திகதி, எதிரணியின் பொது வேட்பாளராகப் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். அன்று வரை ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர் அவர்; மகிந்தவின் அரசாங்கத்திலேயே சுகாதார அமைச்சர். அந்த அப்பக் கதை ஊரெல்லாம் பரவியது. நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வியைக் கேட்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஐக்கிய தேசியக் கட்சி 1946இல் தொடங்கிய கட்சி. சுதந்திர இலங்கையின் முதல் பிரதமரைத் தந்த கட்சி. அந்தக் கட்சிக்கு ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்தச் சொந்த வீட்டில் ஓர் ஆள் கிடைக்கவில்லையா?

கிடைக்கவில்லை. 1988இல் ரணசிங்க பிரேமதாச கட்சியின் யானைச் சின்னத்தில் வென்றார். அதற்குப் பிறகு எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் யானை வென்றதில்லை. 1994இல் தோற்றது, 1999இல் தோற்றது, 2005இல் தோற்றது. பிறகு வாக்குச்சீட்டிலேயே யானையைக் காணோம். 2010இல் அன்னம், 2015இல் அன்னம், 2019இலும் அன்னம். 2024இல் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்க தாமே களத்தில் இறங்கினார். அப்போது அவர் கையில் இருந்தது எரிவாயு சிலிண்டர்!

இதைக் கோமாளித்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒரு கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது. முதல் எண்ணிக்கையிலேயே வெல்ல, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். நாடாளுமன்ற ஆசனம் என்றால் அந்த மாவட்டத்து வாக்குப் போதும். ஜனாதிபதி நாற்காலிக்குக் காலியும் வேண்டும், கண்டியும் வேண்டும், யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் நுவரெலியாவும் வேண்டும். கட்சியின் சொந்த வாக்கு மட்டும் யாருக்கும் போதாது. ஆகவே, எதிர்முகாம் வாக்கையும் கொஞ்சம் பிய்த்து எடுக்கக்கூடிய முகம் எது என்று ஒவ்வொரு கட்சியும் தேடுகிறது. தேடுவது குற்றமில்லை. எங்கே தேடுகிறார்கள், யாரைக் கேட்டுத் தேடுகிறார்கள் என்பதுதான் இன்றைய வழக்கு.

முதல் தேர்தலுக்கே போவோம். 1982 ஒக்டோபர் 20. எதிர்க்கட்சியின் இயல்பான வேட்பாளர் சிறிமாவோ பண்டாரநாயக்க. ஆனால் அவருடைய குடியியல் உரிமைகளை 1980இலேயே ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் 7 ஆண்டுகளுக்குப் பறித்துவிட்டது. எதிராளி யார் என்பதை ஆளுங்கட்சியே முடிவு செய்த தேர்தல் அது. சுதந்திரக் கட்சி முன்னாள் விவசாய அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. கட்சித் தலைமைக் குடும்பத்துக்குள்ளேயே அவருக்காக மனம் வைத்து உழைத்தவர்கள் சிலர். வேண்டா வெறுப்பாக நின்றவர்கள் சிலர்.

அந்த மனிதர் யாழ்ப்பாண மாவட்டத்தில் என்ன செய்தார் தெரியுமா? முதலிடம் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலத்துக்கு. இரண்டாமிடம் கொப்பேகடுவவுக்கு, நூற்றுக்கு 35 வாக்குகளோடு. நாட்டையே வென்ற ஜே.ஆர். இங்கே மூன்றாமிடம்! இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இங்கே வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விளைந்தன. தோட்டக்காரன் கல்வீடு கட்டினான். 1977க்குப் பிறகு சந்தையைத் திறந்துவிட்டார்கள், அவன் முதுகு முறிந்தது. சிங்களக் கட்சியின் சிங்கள வேட்பாளர்தான். ஆனால் தோட்டக்காரன் தன் வயிற்றைத் தொட்ட கொள்கைக்குப் புள்ளடி போட்டான். வடக்கு வாக்காளனுக்கு இனம் தவிர வேறெதுவும் தெரியாது என்று கொழும்பில் எழுதுகிறவர்கள் அந்த மாவட்ட முடிவை ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும்.

1994இல் நடந்தது வேறு மாதிரி. ஒக்டோபர் 24ஆம் திகதி ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் காமினி திசாநாயக்க தொட்டலங்கவில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். தேர்தலுக்கு இருந்தது 2 கிழமை. கட்சி அவருடைய மனைவி ஸ்ரீமாவை நிறுத்தியது. இரங்கல் வாக்காகக் கொட்டும் என்று கணக்குப் போட்டார்கள். நூற்றுக்கு 36கூட வரவில்லை. சந்திரிகா குமாரதுங்க 62க்கு மேல் எடுத்தார். நாட்டு மக்கள் அப்போது சமாதானம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் கட்சி அலுவலகத்துக்குள் கேட்கவில்லை.

இனி நம்மைச் சுட்ட கதைக்கு வருவோம்.

2005இல் மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 1,80,786 வாக்குகள். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்போடு நடந்த அந்தத் தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அதன் விளைவை விவரிக்க இந்த மேடை போதாது.

2010இல் எதிரணி கண்டுபிடித்த வெல்லக்கூடியவர் யார்? போரை முடித்த இராணுவத் தளபதி சரத் பொன்சேகா! இந்த நாடு சிங்களவருக்கு உரியது என்ற தன் நம்பிக்கையை 2008இல் ஒரு கனடியப் பத்திரிகையிடம் பகிரங்கமாகச் சொன்னவர். போர் வெற்றிக்கு உரிமை கொண்டாடும் மகிந்தவை, போர் வெற்றிக்கு இன்னொரு உரிமையாளரை வைத்து அடிக்கலாம் என்று கொழும்பில் திட்டம் போட்டார்கள். தெற்கில் அந்தத் திட்டம் எடுபடவில்லை. வெற்றியைக் கொண்டாட விரும்பியவன் அசல் இருக்கும்போது நகலை ஏன் வாங்குகிறான்? பொன்சேகா வென்றவை 22 தேர்தல் மாவட்டங்களில் 6. வடக்கும் கிழக்கும் நுவரெலியாவும்! முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து 8 மாதத்தில், அந்தப் போரை நடத்திய தளபதிக்கு யாழ்ப்பாணம் நூற்றுக்கு 60க்கு மேல் வாக்களித்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரிக்கச் சொன்னது. சனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்கள். அவரை வேட்பாளராக்கும் முன்னால் அந்தச் சனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? வாக்காளர் இடாப்பில் பொன்சேகாவின் பெயரே இல்லை, அவரால் தமக்கே வாக்களிக்க முடியாது என்ற செய்தி தேர்தல் நாளன்றுதான் வெளியே வந்தது. தங்கள் வேட்பாளரை எதிரணிக் கட்சிகள் எவ்வளவு ஆராய்ந்து எடுத்தன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2015இல் கணக்குப் பலித்தது, மறுக்கவில்லை. பொலன்னறுவை விவசாயி என்ற தோற்றம், எதிர்முகாமில் இருந்தே கழன்ற ஆள், மாதுளுவாவே சோபித தேரரின் ஆசி, நிறைவேற்று அதிகாரத்தை ஒழிப்பேன் என்ற வாக்குறுதி. சிறிசேன 4,49,072 வாக்குகளால் வென்றார். யாழ்ப்பாணம் நூற்றுக்கு 74 கொடுத்தது. அதன் பிறகு? 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி, தம்மை ஜனாதிபதியாக்கிய ரணிலைப் பிரதமர் பதவியிலிருந்து தூக்கிவிட்டு, தாம் தோற்கடித்த மகிந்தவையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் அதே சிறிசேன. நாடாளுமன்றத்தையும் கலைத்தார். அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருவரைத் தோற்கடிப்பதற்கென்றே கூடியவர்களிடம், வென்ற மறுநாள் யார் எதை ஆள்வது என்ற ஒப்பந்தம் இருக்கவில்லை. சுதந்திரக் கட்சிக்காரரும் ஐக்கிய தேசியக் கட்சிக்காரரும் ஒரே அமைச்சரவையில் இரண்டு அரசாங்கம் நடத்தினார்கள். புதிய அரசியலமைப்பு வரைவு எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் வராது.

2019ஐப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரு பிரதேச சபைத் தேர்தலில்கூடப் போட்டியிடாத கோட்டாபய ராஜபக்சவை அண்ணன் மேடையில் அறிவித்தார், கட்சி கைதட்டியது. 69 லட்சம் வாக்குகள். வெல்லக்கூடியவர் என்பதில் பிசகே இல்லை! 2022 ஜூலையில் அவர் விமானமேறிப் போனதை எல்லோரும் பார்த்தோம். மறுபக்கம், சஜித் பிரேமதாசவுக்கு வேட்புமனு கொடுக்கலாமா என்று ஐக்கிய தேசியக் கட்சித் தலைமை செப்டெம்பர் கடைசி வரை இழுத்தடித்தது. வேட்புமனுத் தாக்கலுக்கு அப்போது 2 கிழமைகூட இல்லை.

ராஜபக்சக்களின் மொட்டுச் சின்னக் கட்சிக்காரர்கள் 2024இல் முதலில் நம்பியது தொழிலதிபர் தம்மிக்க பெரேராவை. கடைசி நேரத்தில் அவர் விலகினார், நாமல் ராஜபக்ச வந்தார், நூற்றுக்கு 2.57 கிடைத்தது. பணக்காரர் இல்லையென்றால் மகிந்தவின் மகன்!

அந்தத் தேர்தலில் வென்றவரைப் பாருங்கள். 2019இல் அநுர குமார திசாநாயக்க எடுத்தது நூற்றுக்கு 3.16. மற்றக் கட்சியாக இருந்தால் அவரை மூலையில் உட்கார வைத்திருக்கும். அவருடைய கட்சி அதே ஆளை, அதே திசைகாட்டியை, அதே பேச்சை ஊர் ஊராகக் கொண்டு திரிந்தது. 5 ஆண்டு கழித்து 56 லட்சம். நாடு வங்குரோத்தானது அவருக்கு வழி திறந்தது என்பது உண்மை. வழி திறந்தபோது வாசலில் நிற்கச் சொந்த ஆள் இருந்ததும் உண்மை. ஆனால் அங்கேயும் உறுப்பினர்கள் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தார்களா? இல்லை. அந்தப் பெருமையை யாரும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவைப் பார் என்று சிலர் சொல்வார்கள். 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு முன்தேர்தலிலும் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார், தோற்றார். கட்சி விதியை மாற்றி, தேர்வைச் சாதாரண வாக்காளர் கையில் கொடுத்தது. 1972இல் அப்படி வந்த ஜார்ஜ் மெக்கவர்ன் 50 மாநிலங்களில் மசாசூசெட்ஸ் ஒன்றைத்தான் வென்றார். ஆகவே அதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. என்றாலும் அந்தத் தோல்வி, கட்சிக்காரர்கள் தாங்களே தேடிக்கொண்ட தோல்வி. இங்கே செயற்குழு தேர்கிறது, தோல்வியை மட்டும் ஊர் சுமக்கிறது.

கொழும்பைத் திட்டியது போதும். இனி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழ்க் கட்சிப் பிரமுகர்களுக்கு ஒரு வார்த்தை.

2005இல் புறக்கணிப்பு. 2010, 2015, 2019இல் கொழும்பு தந்த ஆளுக்கு ஆதரவு. 2024இல் சங்குச் சின்னத்தில் பா. அரியநேத்திரன் என்ற தமிழ்ப் பொது வேட்பாளர், 2,26,343 வாக்குகள். மூன்று வழியையும் பார்த்தாகிவிட்டது. மூன்றும் தெற்கு தன் வேட்பாளரை முடிவு செய்த பிறகு தொடங்கியவை. தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித்தை ஆதரிப்பதாக வவுனியாவில் அறிவித்தது 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி. அஞ்சல் வாக்களிப்பு தொடங்கியது 4ஆம் திகதி! அந்த 3 நாளில் சஜித்திடம் எதைக் கேட்டு வாங்கியிருக்க முடியும்? அரியநேத்திரனோ அதே தமிழரசுக் கட்சிக்காரர். கட்சி ஒரு பக்கம், கட்சிக்காரர் ஒரு பக்கம், சனங்கள் நடுத்தெருவில்.

இன்னொன்றும் நடந்தது. யாரும் பாதியைத் தாண்டாததால், வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ண வேண்டி வந்தது. அநுரவுக்கும் சஜித்துக்கும் முதல் வாக்குப் போடாதவர்களின் சீட்டுகள் 33 லட்சம். அவற்றில் அந்த இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 2,73,131. மற்றச் சீட்டுகள் ஓரமாக வைக்கப்பட்டன. சங்குக்குப் புள்ளடி போடுங்கள் என்று வீடு வீடாகப் போனவர்கள், 1, 2 என்று இலக்கமிடும் முறையை எத்தனை வீட்டில் விளக்கினார்கள்? இரண்டாம் இலக்கத்தை யாருக்கு, எந்த நிபந்தனைக்குக் கொடுப்பது என்று ஒரு பேரம் பேசினார்களா?

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று இப்போது ஆள்பவர்களும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒழித்தால் இந்தப் பேச்சுக்கு வேலையில்லை. ஒழிக்காவிட்டால் 2029இல் இன்னொரு தேர்தல். முன்வரிசையில் இருக்கும் தலைவர்களே, தெற்குக் கட்சிகளின் செயற்குழுக்கள் கூடுவதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் உங்கள் நிபந்தனைகளை எழுதி, எல்லாக் கட்சிகளுக்கும் அனுப்பி, அதை வீரகேசரியிலும் உதயனிலும் வெளியிடுங்கள். வரும் பதில்களையும் அப்படியே அச்சிடுங்கள். உங்கள் முடிவை மத்திய குழு அறையில் எடுக்காதீர்கள். கிளைக்குக் கிளை உறுப்பினரைக் கூட்டி, இரகசிய வாக்கெடுப்பு வைத்து எடுங்கள். 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சித் தலைவர் பதவிக்கே திருகோணமலையில் வாக்குப் பெட்டி வைத்தீர்களே, அதை இதற்கு வைப்பதில் என்ன சிரமம்?